எனக்கு இல்லாத சர்க்கரை நோய்

எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது. இதை வாயால் சொல்ல எனக்குப் பல மாதங்கள் பிடித்தன. நான் கூச்சக்காரி. கோப்பிக் கடையில் தேநீர் கேட்டுக் கோப்பி வந்தாலும் அதையே குடித்துவிட்டு வருகிற ஆள். இப்படிப்பட்டவள் தலையில் ஒரு நோயைக் கட்டிவிட்டால் அதையும் பேசாமல் வாங்கிக்கொள்வாள் என்று என் மகனுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த நோயை அவன் எனக்குக் கொடுத்தது ஆஸ்பத்திரி லிஃப்ட்டுக்கு எதிரில். வார்டு மாற்றுவதற்காக என்னைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். முந்தின நாள் நான் என் உயிரை முடித்துக்கொள்ளப் பார்த்தேன், பிழைத்துவிட்டேன். எப்படி என்பது யாருக்கும் உதவாத விவரம். ஏன் என்பதை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் என்னால் முடியாது. வீட்டுக்காரர் தவறிப்போனது, தோ பாயோ வீட்டை விற்றது, புக்கிட் பாஞ்சாங்கில் மகன் வீட்டில் பகலெல்லாம் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தது, தூக்கம் போனது என்று ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டது. மனம் நோயில் விழுந்திருந்தது, அதற்கு வைத்தியம் உண்டு என்று டாக்டர் சொன்னார். என் மகன் போனில் தன் அத்தையிடம், அதாவது என் நாத்தனாரிடம், சொன்னது வேறு.

"ஒண்ணுமில்ல அத்தை. சுகர். திடீர்னு மயங்கி விழுந்துட்டாங்க. இப்ப ஓக்கே லா."

போனைப் பையில் போட்டுக்கொண்டு என் பக்கம் குனிந்தான். "யார் கேட்டாலும் சுகர்னே சொல்லுங்கம்மா. நம்ம ஆளுங்க வாய் உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அந்த வாய்களுக்குப் பயந்துதான் பாதி வாழ்க்கை போயிற்று.

வீட்டுக்கு வந்த மறுநாளே பாகற்காய் வந்துவிட்டது. அப்புறம் வெந்தயம், நாவல்கொட்டைப் பொடி, சிராங்கூன் ரோட்டுக் கடையில் வாங்கிய ஏதோ ஒரு பச்சைத் தூள். மனத்துக்கு நோய் என்று சொல்லியிருந்தால் ஒருத்தரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். சர்க்கரை என்றதும் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. சர்க்கரை மரியாதையான நோய். அதைப் பற்றி முறுக்கைக் கடித்துக்கொண்டே பேசலாம். தனக்கு எவ்வளவு, தன் வீட்டுக்காரருக்கு எவ்வளவு என்று பெருமையடிக்கலாம்.

"உங்களுக்கு எவ்வளவு இருக்கு?" என்று என்னைக் கேட்பார்கள். நான் மருமகளைப் பார்ப்பேன். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு எண்ணைச் சொல்லி அனுப்பினாள்.

மாத்திரைகளை அவள் பூட்டி வைத்து வேளைக்கு எடுத்துக் கொடுத்தாள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில் அப்படித்தான் செய்யச் சொன்னார்கள். அது சரியான காரியம். ஆனால் யாராவது வந்திருக்கும்போது மாத்திரையை நீட்டி, "மாமி, சுகர் மாத்திரை" என்று உரக்கச் சொல்வாள் பாருங்கள், அப்போதெல்லாம் விழுங்கவே பிடிக்காது.

எல்லாரையும்விட அதிகமாக வந்தவள் என் நாத்தனார். அவளுக்குக் குரல் பெரிது. லிட்டில் இந்தியா மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற அடுக்குமாடிப் புளோக்கில் அவள் பேசினால் கீழே காய்கறி வாங்குகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகன் என்னை அவள் வீட்டில் கொண்டுபோய் விடுவான். அதற்குப் பெயர் 'அம்மாவுக்கு ஒரு மாறுதல்'. அங்கே எனக்குச் சர்க்கரை போடாத தேநீர் கிடைக்கும். தோ பாயோ கோயிலில் ஒருமுறை சர்க்கரைப் பொங்கலுக்குக் கை நீட்டினேன். பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"ஐயோ, அண்ணிக்குக் குடுக்காதீங்க! அவங்களுக்கு சுகர்!"

வரிசையே திரும்பிப் பார்த்தது. எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார்கள். பிறகு அதையும் பாதியாக ஒடித்துக் கொடுத்தார்கள்.

இதெல்லாம் சிரிப்புதான். ஒன்று மட்டும் சிரிப்பில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் புளோக்கில் ஒரு பெண் இப்படிச் செய்துகொள்ளப் போய்ப் பிழைத்த கதையை எடுத்தாள் நாத்தனார்.

"சோத்துக்கொழுப்பு அண்ணி. வேற என்ன? பெத்தவங்கள நெனச்சுப் பாத்திருக்க வேணாம்? நாலு பேரு மொகத்துல எப்படி முழிப்பாங்க?"

நான் கையிலிருந்த தேநீரைக் குடித்து முடித்தேன். அன்று ராத்திரி அவளுடைய அந்த நாலு பேரும் என் படுக்கையைச் சுற்றி நின்றார்கள். விடியற்காலையில் அந்த நினைப்பு திரும்பவும் வந்தது. வந்ததை யாரிடம் சொல்வது? எனக்குத்தான் சுகர் ஆயிற்றே.

திரும்ப வந்து காட்டச் சொன்ன நாள் அந்த வாரமே இருந்தது. டாக்டரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். மகன் அரை நாள் லீவு போட்டு வந்தான். டாக்டர் சின்ன வயதுச் சீனர். என் கண்ணைப் பார்த்து ஆங்கிலத்தில் நிதானமாக, நீளமாக ஏதோ கேட்டார். மகன் என் பக்கம் திரும்பினான்.

"நல்லா இருக்கீங்களான்னு கேக்கறாரும்மா."

"இவ்வளவு நேரம் அதையா கேட்டாரு?"

"அதேதாம்மா. சொல்லுங்க."

"தூக்கம் வரலன்னு சொல்லுப்பா. விடியக்காலைல அந்த நெனப்பு திரும்பத் திரும்ப வருதுன்னு சொல்லு. பயமா இருக்குன்னு சொல்லு."

அவன் முகம் ஒரு நொடி சுருங்கியது. டாக்டரிடம் திரும்பினான். "ஷீ இஸ் ஓக்கே, டாக்டர். ஸ்லீப் ஒன்லி லிட்டில் பிட் லெஸ்."

நான் ஆறாவதோடு நின்றவள். அந்த 'ஓக்கே' புரிய அதுவே அதிகம்.

என் மகன் கெட்டவன் இல்லை. துவாஸில் ஒரு தொழிற்சாலையில் பத்துப் பேரை மேய்க்கிறான். அங்கே எது கெட்டுப்போனாலும் மேலே இருக்கிறவனிடம் 'ஓக்கே' என்று சொல்லிவிட்டு, அப்புறம் சரிசெய்வார்களாம். அம்மாவையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டான்.

டாக்டர் எதையோ கம்ப்யூட்டரில் தட்ட ஆரம்பித்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அப்போது ரத்த அழுத்தம் பார்க்கத் தலையில் துடோங் முக்காடு கட்டிய மலாய் நர்ஸ் ஒருத்தி உள்ளே வந்தாள். என் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே, "மக்சிக், சுடா மாக்கான்?" என்றாள். சாப்பிட்டாயிற்றா அம்மா என்று கேட்கிறாள்.

அந்த மொழியில் எனக்குக் கூச்சம் கிடையாது. பள்ளிக்கூடக் கேன்டீன் ஒன்றில் மலாய்க்காரி ஒருத்தியோடு சேர்ந்து பாத்திரம் கழுவித்தான் பிள்ளையைப் படிக்க வைத்தேன். அவளோடு பேசிப் பழகிய சந்தை மலாய் அது. அதைக் கேட்டால் மகனுக்கு மானம் போகும். "வெளியில அந்தப் பாசார் மலாய் பேசாதீங்கம்மா" என்பான். அவன் பள்ளியில் படித்தது தமிழும் ஆங்கிலமும். மலாய் ஒரு வார்த்தை தெரியாது. அந்த மொழியில் நான் யாருக்கும் அம்மா இல்லை, அண்ணி இல்லை, மாமி இல்லை. அதனால்தானோ என்னவோ, வாய் திறந்துகொண்டது.

"தா போலே தீடோர்," என்றேன். தூங்க முடியவில்லை. "ஹாத்தி சூசா." மனம் கஷ்டத்தில் இருக்கிறது. பிறகு மிச்சத்தையும் சொன்னேன். விடியற்காலையைப் பற்றி, அந்த நினைப்பைப் பற்றி. நர்ஸ் பட்டையில் காற்றடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"என்னம்மா? அவங்ககிட்ட என்ன சொல்றீங்க?" என்றான் மகன்.

நர்ஸ் டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். டாக்டர் என் மகனைச் சற்று வெளியே உட்காரச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். அவன் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

அந்த அறையில் இன்னொன்றும் தெரிந்தது. நான் வீட்டுக்குப் போன நாளிலிருந்து, எப்படி இருக்கிறேன் என்று கேட்க அந்த நர்ஸ் வாராவாரம் போன் செய்திருக்கிறாள். கொடுக்கப்பட்டிருந்த நம்பர் என் மகனுடையது. ஆக, நான் புக்கிட் பாஞ்சாங்கில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த நேரத்தில், துவாஸில் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே நின்றுகொண்டு அவன் நான் நன்றாக இருப்பதாகத் தகவல் கொடுத்திருக்கிறான். கேட்க வேண்டியவர்கள் கேட்கத்தான் செய்திருக்கிறார்கள். என்னைத் தவிர எல்லாரும் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

மாத்திரையை மாற்றினார்கள். அடுத்த முறை தமிழ் பேசுகிற ஒருவர் இருப்பார் என்றார்கள். போன் நம்பரையும் மாற்றிக்கொண்டார்கள். கடைசியாக நர்ஸ் ஒன்று கேட்டாள்: அந்த நினைப்பு வருகிற நேரத்தில் கூப்பிட ஆஸ்பத்திரி நம்பர் இருக்கிறது, அது போதாது, வீட்டுக்கு வெளியே, உண்மை தெரிந்த ஒரு ஆள் வேண்டும். யார் இருக்கிறார்கள், மக்சிக்?

யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் என்னைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்று. விடியற்காலையில் போன் செய்தால் வெந்தயம் ஊற வை என்பார்கள்.

வீடு திரும்பும்போது எல்ஆர்டி ரயிலில் மகன் என் பக்கம் பார்க்காமல் சொன்னான். "என்னை அசிங்கப்படுத்திட்டீங்கம்மா."

"எனக்குத் தூக்கம் வரலன்னுதாம்ப்பா சொன்னேன். உன்னப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

இறங்கும்போது அவன் என் பையை வாங்கிக்கொண்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீடு. கீழே லீவு நாள் கூட்டம் இரைந்துகொண்டிருந்தது. வழக்கமான தேநீர் வந்தது. "சீனி போடல அண்ணி, பயப்படாமக் குடிங்க."

நம்பிச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமென்றால் இவளா என்று எனக்கே கசப்பாக இருந்தது. ஆனால் வேறு யார் என்னைத் தேடி வந்தார்கள்? பாகற்காயோடு வந்தாலும் வந்தவள் இவள்தான்.

"எனக்குச் சுகர் இல்ல," என்றேன்.

"இப்ப கண்ட்ரோலுக்கு வந்துருச்சா?"

"எப்பவுமே இல்ல. நான் மயங்கி விழல." பிறகு நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவள் நெஞ்சில் கை வைப்பாள், கத்துவாள், புளோக்கே கூடும் என்று எதிர்பார்த்தேன். டிவியை அணைத்தாள்.

"தெரியும் அண்ணி."

"எப்பலேருந்து?"

"மொதல் நாளே. சுகர்னு சொல்லும்போதே அவன் கொரல் நடுங்குச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப எந்த வார்டுன்னும் பாத்தேன்ல."

எனக்கு வந்த கோபத்தை எழுத இந்தத் தாள் போதாது. இத்தனை மாதங்கள் தெரிந்துகொண்டே எனக்குச் சப்பென்ற தேநீரை ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். தெரிந்துகொண்டே பொங்கலைத் தட்டிப் பறித்திருக்கிறாள்.

"தெரிஞ்சுக்கிட்டா எனக்கு சீனியில்லாத தண்ணியக் குடுத்த?"

"தெரியும்னு காட்டிக்கிட்டா, ஏன்னு கேக்கணும்ல அண்ணி. அத எப்படிக் கேக்கறது? எனக்கு வாய் வரல."

இந்த வாய்க்கு வரவில்லையாம்!

"அந்தப் புள்ளயப் பத்தி அன்னைக்குச் சோத்துக்கொழுப்புன்னு சொன்னியே. அதுக்கு மட்டும் வாய் வந்துச்சா?"

அவள் ரிமோட்டைக் கீழே வைத்தாள். "ஒங்களுக்கு ஒறைக்கட்டும்னுதான் சொன்னேன். கேட்டா வெக்கப்பட்டு இனிமே செய்ய மாட்டீங்கன்னு..."

வெட்கம்! வாழ்நாள் முழுக்க என்னிடம் தட்டுப்பாடு இல்லாமல் இருந்த ஒரே சாமான் அது. அதையே இன்னும் ஒரு கரண்டி அள்ளிப் போட்டால் குணமாகிவிடும் என்று நினைத்திருக்கிறாள். பாகற்காய் வைத்தியத்துக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை.

"அன்னைக்கு ராத்திரிதான் எனக்கு அந்த நெனப்பு திரும்பி வந்துச்சு," என்றேன்.

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கே வெகுநேரம் சத்தமில்லை. அந்த வீட்டில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. கையில் சீனி டப்பா இருந்தது. என் தம்ளரில் தாராளமாகப் போட்டுக் கலக்கினாள். பிறகு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏன் அண்ணி?" என்றாள்.

சொன்னேன். வீட்டுக்காரரில் ஆரம்பித்துச் சொன்னேன். வாயைத் திறக்காமல் கேட்டாள் என்று எழுத ஆசைதான். மூன்று தடவை குறுக்கே பேசினாள். ஆனால் கேட்டாள். தேநீர் பாயசம்போல் இருந்தது. குடித்தேன்.

இப்போது நர்ஸிடம் அவள் நம்பர் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு என்னோடு வருகிறாள். வெளியே உட்கார்ந்து பக்கத்து நாற்காலிக்காரரின் முழுக் கதையையும் கறந்துவிடுகிறாள். உறவுக்காரர்கள் என் சர்க்கரையைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் எறங்கிருச்சு" என்கிறாள். பாகற்காய்க்குப் பதில் லட்டு வாங்கி வருகிறாள். இந்த மனிதர்களுக்கு அளவு என்பதே கிடையாது.

மாத்திரை வேலை செய்கிறது. தமிழ் பேசுகிறவரிடம் மாதம் ஒருமுறை பேசுகிறேன். இன்னும் சில விடியற்காலைகள் மோசம்தான். அப்போது நாத்தனாருக்குப் போன் செய்கிறேன். முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறாள். எடுத்ததுமே கனவு கண்டது, முழங்கால் வலித்தது என்று ஆரம்பித்தும்விடுகிறாள்.

"கொஞ்சம் நிறுத்து," என்கிறேன். "கூப்பிட்டது நான்."

நிறுத்துகிறாள்.