வீட்டுக்குப் போன அந்த அழைப்பு

ஜெயராணி அக்கா இறந்துபோன செய்தி வந்தபோது நான் கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றிருந்தேன். கல்லூரி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அவருடைய ஆண்டு விழாப் படத்தைப் போட்டிருந்தார்கள். பிறந்தநாள் போலிருக்கிறது என்று வாழ்த்து எழுதத் தொடங்கிவிட்டேன். அடுத்து வந்த படத்தில்தான் மாலையும் அடக்க நேரமும் இருந்தன. காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தவர். திங்கட்கிழமை வந்துவிடுவார் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். ஆட்டோ வந்தது, நிரம்பியது, போய்விட்டது. நான் அங்கேயே நின்றிருந்தேன்.

வணிகவியல் துறையில் அவரிடம் படித்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நான் அவரை அறிந்தது மாணவியர் பாதுகாப்புக் குழுவில். அவர் ஒருங்கிணைப்பாளர், வேறு யாரும் முன்வராததால் நான் உறுப்பினர். முதல் கூட்டத்தில் சுவரில் ஒட்டியிருந்த பழைய அறிவுரைகளை உரக்கப் படித்தார். தனியாகச் செல்லாதீர்கள், இருட்டுவதற்குள் வீடு திரும்புங்கள் என்று போயின அவை. "இன்னாம்மா இது? புள்ளைங்களுக்குச் சொல்றோமா, மாட்டுக்குச் சொல்றோமா? தனியா மேயாத, பொழுது சாய கொட்டாய்க்கு வந்துடுன்னு!" என்றார். அன்றே அதைக் கிழித்துவிட்டார்.

மாமல்லபுரத்துக்கு மாணவிகளை அழைத்துப்போன நாள் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். கடற்கரையில் எல்லோரையும் உட்காரவைத்து, ஆபத்தில் எப்படிக் கூப்பிடுவது என்று பழக்கினார். "காப்பாத்துங்கன்னு பொதுவா கத்துனா ஒருத்தனும் வர மாட்டான். பக்கத்துல கீறவன் பாத்துப்பான்னு ஒவ்வொருத்தனும் நெனப்பான். ஒரு ஆளைப் புடி. கட்டம் போட்ட சட்டை அண்ணா, நீங்கதான், வாங்கன்னு கூப்புடு." ஒரு மாணவி எழுந்து, "சிவப்புத் தொப்பி அண்ணா, நீங்கதான்!" என்று கத்தினாள். சற்றுத் தள்ளிச் சோளம் சுட்டுக்கொண்டிருந்தவர் இடுக்கியோடு ஓடி வந்துவிட்டார். "எவம்மா அவன்? எங்க கீறான்?"

"ஒண்ணும் இல்ல அண்ணாத்த, பரீட்சை. நீ பாஸ்" என்றார் அக்கா. அந்த மனிதருக்கு மாணவிகள் கைதட்டினார்கள். எல்லோருக்கும் சோளம் வாங்கிக் கொடுத்தோம்.

அந்தக் கூட்டத்தில் நித்யாவும் இருந்தாள். அது அவளுடைய உண்மைப் பெயர் அல்ல. செய்யூர்ப் பக்கத்துக் கிராமம். சவுக்குத் தோப்பைத் தாண்டி நடந்து, இரண்டு பேருந்து மாறி வருவாள். சில வாரங்கள் கழித்து அவள் அக்காவிடம் வந்தாள். ஒருவன் பைக்கில் தினமும் தோப்பு வரை பின்தொடர்கிறான் என்றாள். சொல்லத் தயங்கியவளைத் தைரியப்படுத்திச் சொல்லவைத்தவர் அக்காதான். புகார் எழுதப்பட்டது. வண்டி எண்ணை வைத்துக் காவல்துறை அவனைப் பிடித்தது. எல்லாம் சரியாகவே நடந்தது. ஆனால் இப்படி ஏதாவது என்றால் உடனே பெண்ணின் அப்பாவுக்கு போன் செய்வது எங்கள் கல்லூரியில் அப்போதிருந்த வழக்கம். அலுவலகத்திலிருந்து அந்த அழைப்பும் போயிற்று. பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறைமலைநகர்த் தொழிற்சாலைச் சீருடையோடு நித்யாவின் அப்பா வந்தார். கத்தவில்லை, மகளைத் திட்டவில்லை. "அவனைப் புடிச்சிக் குடுத்தீங்க, சந்தோசம் மேடம். நாளைக்கு இன்னொருத்தன் வருவான். நான் கம்பெனி பஸ்ல போய்க்கினு வந்துகினு கீறேன். யாரு பாத்துப்பாங்க?" என்றார். மாற்றுச் சான்றிதழ் கேட்டார். அக்காவே அலுவலகத்தில் அதை எழுதி வாங்கிவந்து கொடுத்தார். நித்யா எங்கள் இருவரையும் பார்க்காமல் அப்பாவின் பின்னால் போனாள்.

அதன் பிறகு அக்கா அந்த வழக்கத்தை மாற்றினார். எதிர்ப்பு இருந்தது, பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்றார்கள். அவர் விடவில்லை. புகாரோடு வரும் எந்தப் பெண்ணுக்கும் முதலில் தண்ணீர் கொடுத்து, "உன் வூட்டுல யார்கிட்ட சொல்லணும், யார்கிட்ட சொல்லக் கூடாது?" என்று கேட்பார். அதற்குப் பிறகுதான் நடந்ததைக் கேட்பார். ஒருத்தி அண்ணி என்பாள், ஒருத்தி சித்தப்பா என்பாள். யாருக்கும் வேண்டாம் என்றவர்களும் உண்டு. அவர்கள் சொன்னபடியே செய்தோம். அதன்பின் புகார் செய்ததற்காக ஒரு பெண்ணும் படிப்பை விட்டு நிற்கவில்லை. "நித்யாவ பலி குடுத்துட்டுக் கத்துக்குனோம்" என்பார் அக்கா.

விடுமுறைகளில் தன் ஸ்கூட்டியில் நித்யாவின் ஊருக்குப் போய், அவளைத் திரும்பப் படிக்க அனுப்பச் சொல்லிக் கேட்டுவருவார். ஓரிரு முறை நானும் உடன் போயிருக்கிறேன். நித்யாவின் அப்பா நாற்காலி போடுவார், டீ வரவழைப்பார், முடியாது என்பார். நித்யா உள்ளறையை விட்டு வெளியே வரவே மாட்டாள். திரும்பும் வழியில் அக்கா சொன்னார்: "எம்மேல கோவம் அதுக்கு. நானா இருந்தாலும் மொகத்தப் பாக்க மாட்டேன்."

செங்கல்பட்டுக் கல்லறைத் தோட்டத்தில், கூட்டம் கலையும்போது என் அருகில் ஒரு பெண் வந்து நின்றாள். நித்யா. அழுது முகம் வீங்கியிருந்தது.

"மேடத்து மேல எனக்குக் கோவமே இல்ல மேடம். வெளிய வந்தா எங்கிட்ட மன்னிப்புக் கேட்டுடுவாங்கன்னு பயந்துகினுதான் உள்ளவே இருந்தேன். அவ்ளோ பெரியவங்க... என்னால தாங்க முடியாது" என்றாள்.

அக்கா இதைக் கேட்டிருக்க வேண்டும். ஸ்கூட்டியில் அத்தனை முறை போய்வந்தவர் கேட்காமலே போய்விட்டார். எத்தனையோ பெண்களிடம் கேட்ட கேள்வியையும் இவளிடம் மட்டும் அவரால் கேட்க முடியாமலே போயிற்று. அந்த மண்மேட்டின் அருகில் நின்று அதை நான் கேட்டேன். திரும்பப் படிக்க வேண்டுமென்றால் உன் வீட்டில் யாரிடம் பேச வேண்டும்?

அவள் யோசிக்கக்கூட இல்லை. "அம்மாகிட்ட. அவங்கள இதுவரைக்கும் யாருமே கேக்கல."

அவளோடு வந்திருந்த அம்மா வேப்பமர நிழலில் நின்றிருந்தார். நாங்கள் போனபோதெல்லாம் டீ டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விடும் அதே பெண்மணி. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவரு ஷிஃப்டுக்குப் போனப்புறம் வா கண்ணு. பேசலாம்" என்றார் என்னிடம்.

ஜெயராணி அக்காவிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான். வேறு எதையும் கேட்பதற்கு முன் அதைத்தான் ஒரு பெண்ணிடம் கேட்க வேண்டும் என்பதையும்தான். வரும் வாரம் செய்யூருக்குப் போகிறேன். ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போன பாதை. இனி பேருந்தில்தான் போக வேண்டும்.