கதவுக்கு முண்டு கொடுத்த குண்டு

எதிர்வீட்டு ஹங்கேரி அக்காவை நினைத்தால் அவருடைய முகத்துக்கு முன்னால் எனக்கு நினைவில் வருவது அவருடைய கதவடியில் கிடந்த இரும்புக் குண்டுதான். ஸ்காபரோவில் எங்கள் அடுக்குமாடியின் கதவுகள் கைவிட்டால் தாமாகச் சாத்திக்கொள்ளும். கோடையில் காற்று வரட்டும் என்று, கதவு சாத்தாதபடி அவர் அந்தக் குண்டை முண்டு கொடுத்து வைத்திருப்பார். கறுத்த குண்டு, கை பட்ட இடம் மட்டும் மினுங்கும். ஒருநாள் தளபாடம் கொண்டுவந்த ஒருவர் அதைக் காலால் தள்ளப் போக, அக்கா சத்தம் போடாமல் சொன்னார்: "காலால் வேண்டாம். அது என் பாதி வாழ்க்கை." எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த இங்கிலீசுதான், அவர் சொன்னதையெல்லாம் என் தமிழில்தான் எழுதுகிறேன்.

அது விளையாட்டுக் குண்டு. குண்டு போடும் போட்டியில் அவர் தன் நாட்டின் சம்பியன். ஆனால் அவருடைய கை உச்சத்தில் இருந்த வருடம் பார்த்து, ஒலிம்பிக்குக்கு ஆள் அனுப்புவதில்லை என்று அவருடைய அரசாங்கம் முடிவெடுத்தது. பெரிய நாடுகளுக்குள் கோபதாபம். சின்ன நாடும் சேர்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. பெட்டி கட்டி வைத்திருந்தவரிடம் கட்சிக்காரர் ஒருவர் வந்து, "அடுத்த முறை பார்க்கலாம்" என்றாராம். அடுத்த முறை வந்தபோது முழங்கால் போய்விட்டது. "கோபித்தது அவர்கள். வீட்டில் இருந்தது என் கை" என்பார். மனிதர் சொல்லும் சொல்லைப் பொறுக்கி வைக்கிற பழக்கம் எனக்கு. இதைப்போல ஒன்றை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கத்தின் விளையாட்டுப் போட்டிக்கு அவரை வரச்சொல்லி நான் கேட்காத கோடை இல்லை. மாட்டேன் என்றே சொல்லி வந்தவர் ஒரு வருடம் ஓம் என்றார். அந்த வருட இலையுதிர் காலத்தில் அவருடைய வலது தோளில் சத்திரசிகிச்சை நடக்க இருந்தது. அதன்பிறகு அந்தக் கை குண்டு போடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். "கடைசியாக ஒன்று. ஆட்கள் பார்க்கப் போடவேண்டும்" என்றார். பெண்கள் குண்டு போடுதலில் முதல் எறி அவருடையது என்று கமிட்டியும் ஒப்புக்கொண்டது.

அன்று விளக்கு கொளுத்தினோம், இறந்தவர்களுக்கு அகவணக்கம் செலுத்தினோம், அணிநடை பார்த்தோம். அக்காவுக்குப் பொன்னாடையும் போர்த்தினார்கள். பிறகு, பணம் தந்து ஆதரித்த வீடு விற்கும் முகவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். வீடு வாங்க இதுதான் காலம் என்று அவர் வெயிலில் நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் விளக்கினார். அதற்குப் பிறகு ஓட்டங்கள். பாட்டு நிற்க இருக்கை பிடிக்கும் சங்கீதக் கதிரையும் நடந்தது. அக்கா சப்பாத்து நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

பெண்கள் குண்டு போடுதலுக்கு அழைப்பு வரவே இல்லை. கூடாரம் கழற்றத் தொடங்கவும் நான் சங்கத் தலைவரிடம் ஓடினேன்.

"தம்பி, அவ இன்னும் எறியேல்லை."

"அக்கா, ஐஞ்சு மணியோட கிரவுண்ட் பெர்மிட் முடியுது. அடுத்த வருசம் பாப்பம்."

"அடுத்த வருசம் அவவுக்குக் கை ஏலாது. உந்த வீடு விக்கிறவன்ர பேச்சை நிப்பாட்டியிருக்கலாமே?"

"ஸ்பொன்சர் பேசேக்க நிப்பாட்டேலுமே? அவவுக்கும் பொன்னாடை போத்தினனாங்கள்தானே."

அக்காவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அந்த 'அடுத்த வருசம்' அவருக்கு மொழிபெயர்ப்பில்லாமலே விளங்கிவிட்டது. "அங்கே கட்சி, இங்கே கமிட்டி" என்று சிரித்தார். தான் கொண்டுவந்திருந்த குண்டைப் பொன்னாடையில் சுற்றி, பச்சைக்குழந்தையைப்போல் அணைத்துக்கொண்டு காருக்கு நடந்தார்.

எங்களுக்கு இடம் தரவில்லை என்று உலகமெல்லாம் சொல்லித் திரிகிற சனம் நாங்கள். ஒரு பெண்ணுக்கு ஓர் எறிக்கு இடம் விட எங்களால் முடியவில்லை. மணப்பெண்ணை அறைக்குள் மறந்துவிட்டுப் பந்தி பரிமாறிய கலியாண வீடு அது. அதிலும் ஒருவரும் கெட்டவரில்லை. அதுதான் கூடக் கோபம். கெட்டவனென்றால் ஏசியாவது தீர்த்திருப்பேன்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு அந்தக் கை தோளுக்கு மேலே எழவில்லை. அக்கா இப்போது பிக்கரிங்கில் தமக்கையின் மகளோடு இருக்கிறார். போகும்போது குண்டை என் கதவடியில் வைத்துவிட்டுப் போனார்.

போன கிழமை அதே தலைவர் வந்தார். இந்த வருடப் போட்டிச் சாப்பாட்டுக்கு நான் ரோல்ஸ் பலகாரம் சுட்டுத் தரவேண்டுமாம். வாசலில் நின்று கதைத்தபடி சப்பாத்து நுனியால் குண்டை உருட்டப் பார்த்தார்.

"காலால தட்டாதேங்கோ தம்பி. குனிஞ்சு எடுங்கோ."

எடுத்தார். "என்னக்கா, நல்ல பாரமாக் கிடக்கு."

"ஓம். உந்தக் குண்டைக் கொண்டுபோங்கோ. அவவை நான் கூட்டிக்கொண்டு வாறன், கதிரையில இருந்து பாக்கட்டும். விளக்குக் கொளுத்த முன்னம் ஒரு பொம்பிளைப்பிள்ளை இதைப் போடவேணும். அதுக்குப் பிறகு ஆரும் பேசுங்கோ."

"அப்ப ரோல்ஸ்?"

முண்டு இல்லாத கதவு மெல்லச் சாத்திக்கொள்ளத் தொடங்கியிருந்தது. குண்டோடு அவர் வெளியே நின்றார். நான் கதவைப் பிடிக்கவில்லை.