தெருவைப் பார்த்துக் காய்ந்த துணிகள்

காலை ஷிஃப்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது குமரவேலின் மனைவி தேவகி போன் செய்தாள். "அக்கா, யாழினி அப்பா போயிட்டாரு," என்றாள். பல் தேய்க்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பதைத் தாண்டி அதிக காலம் ஆகவில்லை குமரவேலுக்கு.

மறுநாள் தட்டாஞ்சாவடியில் நம் கம்பெனி வாசல் பலகையில் அஞ்சலி எழுதியிருந்தார்கள். 'அனைவரிடமும் அனுசரித்துப் போகும் பண்பாளர்' என்று இருந்தது. அவரோடு பேக்கிங் பகுதியில் நெடுநாள் வேலை செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: குமரவேல் அனுசரித்துப் போனவர் இல்லை. அப்படிச் சொல்லி அவரை அனுப்பிவைக்க எனக்கு மனமில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

யாழினி பிறந்த கோடையில் தேவகி பிரசவ ஆபரேஷன் தையல் சீழ் பிடித்துக் குனிய முடியாமல் கிடந்தாள். குழந்தைக்குக் கடையில் விற்கும் டயப்பரைத்தான் முதலில் போட்டார்கள். அந்தப் புழுக்கத்தில் தொடையெல்லாம் தோல் உரிந்து, இடுப்பில் கை வைத்தாலே அலறியது. டாக்டர் கொஞ்ச நாளைக்குத் துணியே கட்டுங்கள் என்றார். குமரவேல் 'கொஞ்ச நாளைக்கு' என்பதைக் காதில் வாங்கவில்லை.

ஒரு மதியம் கேன்டீனுக்கு ஒரு பை நிறைய துணி டயப்பர்களோடு வந்தார். உள்ளே ஈரம் உறிஞ்சும் பட்டை சொருகுகிற பாக்கெட் வைத்தது, பொத்தான் போட்டது, நாடா கட்டுவது, வேட்டித் துணியை மடித்து மேலே தண்ணீர் புகாத உறை போடுவது என்று எல்லா ரகமும் இருந்தன. சாப்பாட்டு மேசையில் வரிசையாகப் பரப்பி, டம்ளரிலிருந்து ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பார்த்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "யாருக்கு குமரவேலு, உனக்கா?" என்றார் சூப்பர்வைசர்.

"எனக்குப் பத்தாது சார். பத்துனா நானே கட்டிப் பாத்துட்டுதான் வாங்குவேன்."

தடிமனான ரகம் நன்றாக உறிஞ்சியது. ஆனால் நம் ஊர்க் கடல் ஈரத்தில் அது காய்வதற்குள் குழந்தை நடக்க ஆரம்பித்துவிடும் என்று நான் சொன்னேன். யோசித்துவிட்டு, மடிக்கிற மெல்லிய துணியையும் உறையையும் தேர்ந்தெடுத்தார். பட்டை சொருகும் ரகம் பார்க்க அழகாக இருந்தது. அதை வைத்துக்கொள்ள அவருக்கு ஆசைதான். "அழகு அவளுக்குத் தெரியவா போவுது," என்று திருப்பி வைத்துவிட்டார்.

அவர் பிடிவாதக்காரர்தான், வெறியர் இல்லை. அடைமழை நாட்களில் கடை டயப்பரையும் போட்டார், அதையும் மறைக்கவில்லை. கேலி செய்தவர்களிடம், "வராத வெயில நான் எங்கேருந்து கொண்டாறது?" என்று கேட்டார்.

அப்போது முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தார்கள். வேலைக்கு வருவதற்கு முன் அவரே துணிகளை அலசித் துவைப்பார். வீட்டுக்குள் காயப்போட இடமில்லை. பின்பக்கம் அடுத்த வீட்டுச் சுவர். தெருவைப் பார்த்த பால்கனியில்தான் வெயில் விழும். அங்கே கொடி கட்டினார். டீக்கடையில் ஒருவர், "என்னாப்பா, ஆம்பள பீத்துணி தொவைக்கிற? பொண்டாட்டி நல்லா வேல வாங்குறா போல," என்றார். குமரவேல் டீயை வைத்துவிட்டு, "ஆமாண்ணே. பொண்டாட்டி படுத்துட்டிருக்கா. புள்ளதான் வேல வாங்குது," என்று சொல்லிவிட்டு மீதி டீயைக் குடித்தார்.

ஐப்பசியில் விடாமல் மழை பிடித்தது. ஒருவழியாக வெயில் தெரிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழ் வீட்டில் இருந்த வீட்டுக்காரர் மாடிக்கு வந்தார். அன்று சாயங்காலம் அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். தேவகியைப் பார்க்கப் போன நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"குமரவேலு, இந்தத் துணிங்கள கொஞ்சம் உள்ள எடுத்துடு. வர்றவங்க என்னா நெனப்பாங்க?"

"வெயிலே இன்னிக்குத்தான் அண்ணே வந்திருக்கு. ராத்திரிக்குப் புள்ளைக்குக் கட்ட காஞ்ச துணி ஒண்ணுகூட இல்ல."

"நல்ல காரியம் நடக்கிற வூடுப்பா."

"பொண்ணு பாக்க வர்றவங்க வூட்லயும் கொழந்த பொறக்கும் இல்லண்ணே? அதுவும் மூத்திரம் போவும். இதுல மறைக்க என்னா இருக்கு?"

வீட்டுக்காரர் முகம் கறுத்தது. தேவகி உள்ளிருந்து, "எடுத்துடலாங்க," என்றாள். குமரவேல் எடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், போனார்கள். அந்தச் சம்பந்தம் கூடிவந்தது. ஆனாலும் மறுநாள் காலையில் வீட்டுக்காரர் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

கைக்குழந்தையோடு வீடு மாறுவது எவ்வளவு பாடு என்று பெற்றவர்களுக்குத் தெரியும். தேவகி கோபத்தில் குமரவேலோடு பேசாமல் இருந்தாள். அவள் கோபத்தில் நியாயமும் இருந்தது. கடைசியில் குருசுக்குப்பத்தில் ஒரு வீடு கிடைத்தது. சாமான் ஏற்ற நாங்கள் சிலர் போனோம். குட்டி யானை என்று சொல்கிறோமே, அந்தச் சின்ன லாரியில் பீரோவும் கட்டிலும் ஏறின. அன்று காலையிலும் குமரவேல் துணி துவைத்திருந்தார். ஈரத்தோடு மூட்டை கட்டினால் நாறும் என்று, சாமான் கட்டிய கயிற்றிலேயே வரிசையாக மாட்டிக் கிளிப் போட்டார். முத்தியால்பேட்டைத் தெருக்கள் வழியாக அந்த வண்டி வெள்ளைத் துணிகள் படபடக்கப் போனது. ஜனம் நின்று பார்த்தது. முன்சீட்டில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த தேவகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குருசுக்குப்பம் போய்ச் சேர்ந்தபோது துணி முக்கால்வாசி காய்ந்திருந்தது.

போன வாரம் அதே குருசுக்குப்பத்து வீட்டு வாசலில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். யாழினி இப்போது பள்ளிக்கூடம் போகிற பெண். அப்பா கூடப் போகணும் என்று அழுதாள். உறவுக்காரப் பெரியவர் ஒருவர், "பொம்பளப் புள்ள சுடுகாட்டுக்கு வரக் கூடாது. உள்ள கூட்டிட்டுப் போங்க," என்றார். "அவ வருவா," என்றாள் தேவகி. குரல் பாதியில் உடைந்தது. நாலைந்து பேர் சேர்ந்துகொண்டு அதட்டினார்கள்.

நான் கூட்டத்தில் வாய் திறக்கிறவள் இல்லை. அன்று திறந்தேன். "அவ பொறந்ததுலேர்ந்து அவளுக்குத் துணி தொவச்சுப் போட்ட மனுசன் போறாரு. அவள வராதன்னு சொல்ல உங்களுக்கு என்னா உரிமை?"

"நீ யாரும்மா?"

"கூட வேல செஞ்சவ."

தேவகி மகளின் கையைப் பிடித்து, அவரை ஏற்றிய வண்டியில் ஏறினாள். நானும் ஏறினேன். யாழினிதான் கொள்ளி வைத்தாள். 

சரி என்று பட்டதைச் சொல்லும்போது குமரவேலுக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியாது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் குரல்தான். இவ்வளவு காலம் கழித்து என் தொண்டைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதைத் தணித்துக்கொள்ளும் உத்தேசம் எனக்கு இல்லை.