ஆறு பேருக்கும் ஒரே நீச்சல்

1. ஓனர் அடித்த வரி

எங்கள் ஆறு பேருடைய பயோடேட்டாவையும் எங்கள் ஓனரே டைப் அடித்தார். அன்றைக்கே ஓடியிருக்க வேண்டும்.

தாராளமயம் வந்து, கீபோர்டைத் தொட்டவனுக்கெல்லாம் அமெரிக்கா என்று ஊரே நம்பிய காலம் அது. திருப்பதியில் ஒரு லாட்ஜ் மாடியில் எங்கள் ஆபீஸ். லாட்ஜ்களுக்கு ரூம் பில் போடும் சாப்ட்வேரை ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதினோம். காலையில் புரோகிராம் கோடு எழுதுவோம், மதியம் கரண்ட் போகும், சாயங்காலம் லாட்ஜ் மேனேஜர் வந்து கத்துவார். "மொட்ட போட்டுக்கினு வந்தவங்க ரூமை காலி பண்ணிட்டு ஊருக்கே போயிட்டாங்க. உன் கம்ப்யூட்டர் இன்னும் உள்ளதான் கீறாங்கன்னு சொல்லுது!" புரோகிராமர் வாழ்க்கை என்று பத்திரிகைகள் வாயைப் பிளந்து எழுதியது இதைத்தான்.

அமெரிக்காவுக்கு ஆள் அனுப்பும் ஒரு சென்னை கம்பெனிக்கு எங்களை இன்டர்வியூவுக்கு அனுப்ப ஓனர் ஏற்பாடு செய்தார். எல்லார் பயோடேட்டாவிலும் கடைசியில் இரண்டு வரி. தற்போது கற்பது: ஜாவா. பொழுதுபோக்கு: நீச்சல். ஜாவா என்று எங்கள் ஆபீஸில் இருந்தது ஒரு தடிப் புத்தகம். அதுவும் ஓனர் பீரோவில் பூட்டியிருக்கும். நீச்சலோ அதைவிட மோசம். எங்கள் சித்தூர் ஜில்லாவில் ஏரிக்குள் மாடு மேயும்.

"சார், எனக்கு நீச்சல் தெரியாதே" என்றேன்.

"ஏம்ப்பா, நகரிக்காரனுக்கு வேற இன்னா ஹாபி போடறது? தறி சத்தம் கேக்கறதுன்னா? ஃபாரின்காரனுக்கு ஸ்விம்மிங்னா இஷ்டம். கம்முனு போ பாபு."

கம்மென்றுதான் போனேன். வீட்டில் வேறு பேச்சே இல்லை. நகரியில் என் நைனா பவர்லூம் ஓட்டினார். "இந்த வாட்டியும் கெடைக்கலன்னா கம்ப்யூட்டர மூட்ட கட்டிட்டு தறியாண்ட வந்து நில்லு" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

2. புஷ்கரிணி

சென்னையில் இன்டர்வியூ அறைக்கும் நாங்கள் உட்கார்ந்த இடத்துக்கும் நடுவே வெறும் பிளைவுட் தடுப்பு. உள்ளே பேசுவது அட்சரம் பிசகாமல் கேட்டது. எங்கள் ஆறு பேரில் முதலில் குப்பம் ஊர்க்காரன் முனிரத்தினம் போனான்.

"எங்க ஸ்விம் பண்ணுவீங்க?" என்றார் அந்தக் கம்பெனி மேனேஜர்.

"திருமல புஷ்கரிணியில சார். டெய்லி."

புஷ்கரிணி என்பது கோயில் குளம். அதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்குப் போடலாம். கையைக் காலை வீசி நீந்தினால் பெருமாளே எழுந்து வந்து விரட்டுவார். ஆனால் வெளியே இருந்த மற்ற நான்கு மேதாவிகளும் இதைக் கேட்டுப் பாடமாக்கிக்கொண்டார்கள். ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய் அதே புஷ்கரிணியில் குதித்தார்கள்.

கடைசியாக நான். கோடு எழுதச் சொன்னார், எழுதினேன். பிறகு பயோடேட்டாவைப் பார்த்தார். "நீங்களும் புஷ்கரிணியா?"

"இல்ல சார். எனக்கு நீச்சல் தெரியாது. ஜாவாவும் தெரியாது. அதெல்லாம் எங்க ஓனர் அடிச்சது."

"அப்ப நிஜமா லீவுல என்னதான் பண்ணுவீங்க?"

"துணி தொவச்சிட்டுத் தூங்குவேன் சார்."

விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு டீ வரவழைத்தார். மற்ற ஐந்து பேருக்கும் டீ கிடையாது. வேலை எனக்குத்தான் என்று நினைத்துவிட்டேன். சின்ன வயதில் நீதிக்கதைகளை நம்பிப் படித்தவன், வேறென்ன நினைப்பேன்?

முனிரத்தினத்தை எடுத்தார்கள். காரணத்தை அந்த மேனேஜரே என் முகத்துக்கு நேராகச் சொன்னார். "கோடு உன்னுதுதான் தம்பி சுத்தமா இருக்கு. ஆனா அங்க கிளையன்ட் எது கேட்டாலும் நீ தெரியாதுன்னு சொல்லிடுவே போல இருக்கே. அப்படிப்பட்ட ஆள அனுப்பிட்டு நான் எப்படி பில் போடறது?"

3. தறி

நைனாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நிஜமாகவே குழம்பிப்போனார். "தெரியும்னு சொன்னா இன்னாடா? உன்ன தண்ணில தள்ளியா பாக்கப் போறான்?"

மறுநாள் தறியில் நின்றேன். அறுந்த நூலை முடிந்துகொண்டே ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினேன். கசப்பாகத்தான் இருந்தது. உண்மை பேசியதற்காக யாரும் மாலை போடவில்லை. பிறகு சென்னையில் பேர் தெரியாத ஒரு கம்பெனியில், பயோடேட்டாவைக் கடைசி வரை படிக்கப் பொறுமையில்லாத ஒரு முதலாளியிடம் வேலை கிடைத்தது. அங்கிருந்து மெல்ல மேலே வந்தேன்.

இப்போது நானே ஆள் எடுக்கிறேன். வருகிற பிள்ளைகள் எல்லாருக்கும் மலையேற்றம் பொழுதுபோக்கு, எல்லாரும் ஏஐ கற்றுக்கொண்டிருக்கிறார்கள். எந்த மலை என்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே மலை. நான் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லாத ஒன்றைக் கேட்பேன். "தெரியாது சார்" என்று சொல்பவரை மட்டும் எடுத்துக்கொள்வேன். நான் கற்ற பாடம் அவ்வளவுதான்.

மாதாமாதம் மீட்டிங்கில் மேலிடம் கேட்கிறது, "உங்க டீம்ல மட்டும் ஏன் சார் எப்பவும் பாதி சீட் காலியாவே இருக்கு?"