உதடு அசைந்ததால் நின்றுபோன பரீட்சை

முத்துமாரியின் அடியவர்களுக்கு, சாம்பல்தீவிலிருந்து சகோதரி கோமதி எழுதுகிறேன். போன மாசியில் எனக்கு வந்த சோதனையையும், தாய் என்னைக் கைவிடாததையும் சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

நான் சீனன்குடாவில் ஒரு கம்பனியில் நெட்வேர்க் வேலை பார்க்கிறேன். அலுவலகக் கணினிகளுக்கிடையே இணைப்பு அறாமல் பார்ப்பது என் தொழில். பதினொரு வருடம் ஒரே தயாரிப்பாளரின் கருவிகளோடு பழகி, அவர்களுடைய சான்றிதழும் வைத்திருந்தேன். திடீரென்று எல்லாம் வேறொரு தயாரிப்பாளரின் கருவிகளாக மாறின. பங்குனி முடிவதற்குள் அவர்களின் சான்றிதழ் எடுக்காதவர்களுக்கு வேலை இல்லை என்றார் மேலாளர். என் கணவர் முதுகு வருத்தத்தால் கடலுக்குப் போவதில்லை. வீடு என் சம்பளத்தில்தான் ஓடுகிறது. இடிந்துபோனேன்.

பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதலாம். கமரா வழியாக யாரோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. எனக்கோ பதற்றம் வந்தால் "தாயே, முத்துமாரி" என்று வாய் தானாக முணுமுணுக்கும். பத்தாவது கேள்வியில் எச்சரிக்கை வந்தது. பயத்தில் இன்னும் முணுமுணுத்தேன். பரீட்சையையே நிறுத்திவிட்டார்கள்.

அன்று சல்லியில் இருக்கும் முத்துமாரி கோயிலுக்குப் போய்த் தாயோடு சண்டை பிடித்தேன். "உன்னைக் கூப்பிட்டதற்கா இந்தத் தண்டனை?" என்று அழுதேன்.

கூட வேலை செய்யும், அந்தப் புதிய சான்றிதழை முன்பே எடுத்துவிட்ட கிண்ணியாத் தங்கச்சி ரிஸ்வானாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

"என்னக்கா, மனசுக்குள்ள கூப்பிட்டா உங்கட அம்மனுக்குக் கேக்காதோ?"

"ஏலாது தங்கச்சி. வாய் தன்ர பாட்டுக்கு அசையுது."

"அப்ப பழகுவம்."

மூன்று கிழமை, தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எதிர்க் கதிரையில் இருந்து கேள்வி கேட்பாள். என் உதடு அசைந்தால் கரண்டியால் மேசையில் தட்டுவாள். எத்தனை தட்டு வாங்கினேன் என்று கேட்காதீர்கள்!

மறுபடி எழுதினேன். கடைசியில் ஒரு செய்முறைக் கேள்வி. கட்டளைகள் எல்லாம் சரியாகத்தான் தட்டினேன், இணைப்பு வரவில்லை. நேரம் போகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சத்தமில்லாமல் கூப்பிட்டேன். தாயே, என் நிலைமை உனக்குத் தெரியும்தானே.

கைகள் தட்டுவதை நிறுத்தின. மனம் அடங்கியது. அப்போதுதான் ரிஸ்வானா படித்துப் படித்துச் சொன்னது நினைவுக்கு வந்தது. பழைய கருவியில் தட்டியதும் கட்டளை வேலை செய்யும். புதியதில் கடைசியாக உறுதிப்படுத்தும் கட்டளையையும் கொடுக்க வேண்டும். பதினொரு வருடப் பழக்கத்தில் அதை விட்டுவிட்டேன். அந்த ஒரு சொல்லைத் தட்டினேன். இணைப்பு வந்தது.

பரீட்சையில் சித்தியடைந்தேன்! கமராவுக்கு முன்னால் வாய்விட்டு அழுதேன். பரீட்சை முடிந்துவிட்டதால் யாரும் எச்சரிக்கவில்லை.

அடுத்த வெள்ளி சல்லியில் பொங்கல் பொங்கினேன். ரிஸ்வானாவுக்கு வீட்டில் கணவாய்க் கறி சமைத்தேன். ஓம், அவளையும் தாய்தான் அனுப்பினாள் என்று நம்புகிறேன்.

முன்பெல்லாம் பயம் வந்தால்தான் அவளைத் தேடுவேன். இப்போது வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஒன்றும் கேட்காமல் அவளோடு சும்மா இருக்கிறேன். மனம் நிறைந்திருக்கிறது. சகோதரிகளே, உங்கள் கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறீர்களா? பயப்படாதீர்கள், நினைத்தாலே போதும். என் வாய் மூடியிருந்தபோது கேட்டவள் உங்களுக்கும் செவி கொடுப்பாள்.