படத்துக்குள் ஒளித்த பெயர்

யுத்தத்தின் கடைசி வருடங்களில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு ஸ்கேன் நிலையத்தில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருவேன். பக்கத்தில் உட்காருபவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் கைப்பையைத் திறப்பேன். அது ஒரு வியாதி என்பார் அம்மா. அந்த வியாதி இல்லாத ஒருவரை அந்த நாட்களில் நான் கண்டதில்லை.

சோதனைச் சாவடிகளில் எக்ஸ்ரே படத்தையும் விடமாட்டார்கள். உறையிலிருந்து உருவி வெயிலுக்குப் பிடித்துப் பார்ப்பார்கள். எலும்பருகே வெள்ளையாக ஓர் இரும்புத் துண்டும் மூலையில் ஒரு தமிழ்ப் பெயரும் இருந்தால் போதும், ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். ஷெல் விழுந்த காயம் என்று யார் நம்புவது?

அதனால்தான் எங்கள் டொக்டர் மாளிகாவத்தையிலிருந்து ஒரு கம்ப்யூட்டர்காரரைக் கூட்டி வந்தார். நரைத்த தாடிக்காரர். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் நாநா என்று கூப்பிடுவோம். நோயாளியின் பெயரை மூலையில் அச்சடிக்காமல், கம்ப்யூட்டரில் உள்ள படத்தின் புள்ளிகளுக்குள்ளேயே அவர் ஒளித்துவைத்தார். கையில் கொடுக்கும் படத்தில் பெயரே இருக்காது.

“சல்லி நோட்ட வெளிச்சத்துக்குப் புடிச்சா ஒரு உருவம் தெரியும்தானே மிஸ், அதுபோலதான் இந்த வாட்டர்மார்க். ஆனா இது வெளிச்சத்துக்கும் தெரியாது. பாஸ்வேர்ட் போட்டாத்தான் தெரியும்.”

“பாஸ்வேர்ட் ஆருக்குத் தெரியும்?”

“டொக்டருக்கும் எனக்கும்.”

“உங்களுக்கு ஏன் நாநா?”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாப் பெயரையும் வெளியாள் ஒருவரின் கையில் கொடுத்துவிட்டோமே என்று நினைத்தேன்.

ஒருநாள் சண்டை நடந்துகொண்டிருந்த வன்னியிலிருந்து வந்து லொட்ஜில் தங்கியிருந்த ஒரு பெண் தோள்வலி என்று வந்தாள். என்னைவிடச் சற்று இளையவள்.

“அக்கா, படத்தில என்ர பேர் போடுவீங்களோ?”

“போடமாட்டம். பயப்படாமல் கொண்டு போங்கோ.”

தோளுக்குள் நகத்தளவு துண்டு ஒன்று இருந்தது. படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை சிவில் உடையில் ஓர் அதிகாரி வந்தார். கையில் அதே படம். சோதனைக்காக எல்லோரையும் இறக்கிய பஸ்ஸில், ஒரு சீட்டின் அடியில் கிடந்ததாம். உறையில் எங்கள் நிலையத்தின் பெயர் இருந்தது. அவர் படத்தை ஜன்னலில் சாய்த்து ஓர் ஓரத்தில் விரலை வைத்தார்.

“மே ஒயாத?” இது நீயா என்று கேட்டார்.

எக்ஸ்ரே எடுக்கும்போது வலதா இடதா என்று காட்ட, ஈயத்தில் வார்த்த ஓர் எழுத்தைப் பக்கத்தில் வைப்போம். அதோடு எடுத்தவரின் முதலெழுத்துகளும் ஈயத்தில் இருக்கும். அது எங்கள் தொழில் வழக்கம். நோயாளியின் பெயரை ஒளித்த மூன்று கெட்டிக்காரர்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. என் எழுத்துகள் பளிச்சென்று நின்றன.

நான் எலும்பைப் பார்க்கிறேன், முகத்தைப் பார்ப்பதில்லை என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் நாநாவிடம் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறக்கச் சொன்னார். நாநாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லப் போகிறான், இப்போது சொல்லப் போகிறான் என்று மனம் அடித்துக்கொண்டது. படம் திறந்தது. பாஸ்வேர்டை அவர் போடவில்லை. “மெஷின் பிழை சேர், பேர் விழல்ல” என்று அவரும் சிங்களத்தில் சொல்லிவிட்டுத் தாடியைத் தடவினார்.

அதிகாரி என் அடையாள அட்டை இலக்கத்தை எழுதிக்கொண்டார். எழுந்தபோது, இவ்வளவு அழகான கையெழுத்தை ஈயத்தில் வைத்திருக்கிறாயே என்று பகிடி விட்டார். பயத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அப்போதுதான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அந்தப் பெண்ணைக் கண்டேன். இன்னொரு படம் கேட்க வந்திருக்க வேண்டும். அதிகாரியின் கையில் தன் படத்தையும் நான் சிரிப்பதையும் பார்த்தாள். திரும்பி நடந்தாள்.

சில நாட்கள் கழித்துக் காலி வீதியில் எதிரே வந்தாள். நீ நினைக்கிற மாதிரி நான் காட்டிக்கொடுக்கவில்லை தங்கச்சி என்று சொல்ல நெஞ்சு துடித்தது. ஆனால் அந்த வாரம் முழுவதும் என் பின்னால் யாரோ வருகிறார்கள் என்ற சந்தேகம் எனக்கு. என்னோடு கதைப்பவளையும் அவர்கள் பார்ப்பார்கள். அவள் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பினாள். நானும் திருப்பிக்கொண்டேன்.