பச்சை ஆன டவர்

எங்கள் தாசில்தார் அம்மா மைக்கை வாங்கியதும் முதலில் அதை முந்தானையால் ஒரு தடவை துடைப்பார். பிறகு ஜீப்பின் முன் சீட்டில் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து, தெருவில் நிற்கிறவர்களைப் பார்த்தபடி பேசுவார். 'பொதுமக்களின் கவனத்திற்கு' என்று தொடங்கும் தாளை நான் நீட்டினால் அதை மடித்து என் கையிலேயே திரும்பத் திணித்துவிடுவார். "ஏம்மா, அந்த மாட்ட அவுத்து விட்டுட்டுக் கெளம்புங்க. கட்டிப் போட்டா தண்ணியில நின்னே செத்துப்போயிரும். அவுத்து விட்டா மேட்டப் பாத்து அதுவே போயிக்கும்." இப்படித்தான் அவருடைய அறிவிப்பு இருக்கும். அரசாங்கத்துக்கு இப்படியும் ஒரு குரல் உண்டு என்று அதுவரை எனக்குத் தெரியாது. நான் கீழ்வேளூர்ப் பக்கத்து நெல் விவசாயி வீட்டுப் பிள்ளை. வருவாய்த் துறையில் புதிதாகச் சேர்ந்து, கடலோர வட்டம் ஒன்றில் உதவியாளராகப் போடப்பட்டிருந்தேன். எனக்குத் தெரிந்த அரசாங்கம் முத்திரையும் கையெழுத்துமாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் கார்த்திகையில் புயல் வருவதற்கு முன் நாங்கள் கடற்கரைக் குப்பங்களுக்கெல்லாம் போய்ச் சொல்லிக்கொண்டே இருந்தோம். உப்பளத்துக்கும் கால்வாய்க்கும் நடுவில் ஒரு குப்பம் இருந்தது. புயல் பாதுகாப்பு மையம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஊர். வலையையும் போட்டையும் விட்டுவிட்டு எவன் வருவான்? அம்மா அங்கே இறங்கிப்போய், படகுகளைக் கயிறு போட்டுக் கட்டிமுடிக்கிறவரை கரையிலேயே நின்றார். பிறகு அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டுதான் கிளம்பினார். புயலில் அந்தக் குப்பத்தில் ஒரு கூரைகூட மிஞ்சவில்லை. ஓர் உயிர்கூடப் போகவும் இல்லை. அதற்குப் பிறகு அந்த ஊர்க்காரர்களுக்கு, அம்மா மைக்கில் சொன்னால் சொன்னதுதான். பின்னால் நடந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் இந்த நம்பிக்கைதான் நினைவுக்கு வரும். அவர் மேல் இத்தனை நம்பிக்கை இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் குப்பத்தில் ஒரு பெண் பிழைத்திருப்பாள்.

புயல் போனபின் வட்டம் முழுவதும் போன் செத்துப்போனது. தென்னை விழுந்ததும் தோணி புரண்டதும் கண்ணுக்குத் தெரிந்த சேதம். போன் இல்லாததன் சேதம் ஆள் வந்து சொல்லும்வரை தெரியாது. எங்களிடம் இருந்தது போலீஸ் வயர்லெஸ் மட்டும். மாவட்டத் தலைமையிடத்தில் தினமும் மாலையில் அதிகாரிகளும் செல்போன் கம்பெனிக்காரர்களும் டவர் பராமரிக்கிற ஏஜென்சிக்காரர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். சுவரில் மாவட்டப் படம். ஓடுகிற டவருக்குப் பச்சைப் பொட்டு, ஓடாததற்குச் சிவப்பு. கடை எதுவும் திறக்காததால் யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்த ஸ்டிக்கர் பொட்டையே ஒட்டியிருந்தார்கள். கரண்டு வர நாளாகும். அதுவரை டவர்கள் ஜெனரேட்டரில்தான் ஓட வேண்டும். டீசலுக்கு அரசாங்கம் பொறுப்பு. ஜெனரேட்டரை ஓட்டுவது கம்பெனியின் பொறுப்பு. டீசல் கேன் போய்ச் சேர்ந்ததும் எங்கள் துறை தன் வேலை முடிந்தது என்று எழுதிக்கொண்டது. ஜெனரேட்டர் உறுமியதும் கம்பெனி தன் வேலை முடிந்தது என்று சொன்னது. இரண்டும் சேர்ந்தால் பச்சை.

அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவர் பின்னால் என்னிடம் சொன்னது இது. எங்கள் கடலோர டவரின் முறை வந்தபோது கம்பெனிக்காரர், "டவர் ஓடுது சார், கேபிள் மட்டும் மரம் சாஞ்சு அறுந்திருக்கு, ஆளு போயிருக்காங்க" என்றாராம். மேலே உடனே கணக்குச் சொல்ல வேண்டிய அவசரம். "ஓடுதுல்ல? பச்சை போடுங்க" என்று ஒரு குரல் வந்தது. பொட்டு மாறியது. கேபிள் அறுந்த டவர், வாய் அசைத்தும் சத்தம் வராத ஆள் மாதிரி. பக்கத்திலிருக்கிற போனுக்கெல்லாம் சிக்னல் கோடு காட்டும். ஆனால் அங்கே பேசுகிற பேச்சு ஊரைத் தாண்டிப் போகாது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்காவது இது தெரிந்திருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை.

மறுநாள் காலை வயர்லெஸ்ஸில் எங்களுக்கு வந்தது ஒரே வரி: கடலோர டவர் இயங்குகிறது, மக்களுக்கு அறிவிக்கவும். அம்மாவின் முகம் மலர்ந்ததை அந்தப் புயலுக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன். கால்வாயின் இந்தக் கரைவரைதான் ஜீப் போகும். பாலம் உடைந்திருந்தது. அக்கரையில் குப்பம். காற்று எங்கள் பக்கமிருந்து அடித்ததால் மைக் சத்தம் நன்றாகவே போயிருக்கும். "டவர் வந்துருச்சு. ஒடம்பு சரியில்லாதவங்கள யாரும் தூக்கிக்கிட்டு வராதீங்க. மரம் வெட்டுறவங்க, கரண்டுக் கம்பி எடுக்கிறவங்க எல்லாம் ரோட்டுல நிக்கிறாங்க, ஆபத்து. ஆம்புலன்சுக்குப் போன் போடுங்க, படகுல இக்கரைக்கு ஏத்தி வர்ற ஏற்பாடு இருக்கு, ஆளு வரும்." இரண்டு முறை சொன்னார். நாங்கள் அடுத்த ஊருக்குப் போனோம்.

அதே காலையில் அந்தக் குப்பத்தில், விழுந்த தென்னை மட்டைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பாம்பு கடித்திருந்தது. மீன் விற்கப் போகிறவள், நடுவயது. வெள்ளம் வடியும் நாட்களில் பாம்பு மனிதர்களோடுதான் மேட்டில் இருக்கும். அவளைக் கட்டிலில் கிடத்தி, கணவரும் மற்றவர்களும் தோளில் தூக்கிக்கொண்டு கால்வாய்க் கரையில் மதகு வரை வந்துவிட்டார்கள். அங்கே இறங்கிக் கழுத்தளவுத் தண்ணீரைத் தாண்டினால் ரோடு. அந்த நேரத்தில்தான் எங்கள் மைக் கேட்டிருக்கிறது.

நாங்கள் அடுத்த நாள் படகில் அக்கரைக்குப் போனபோது அவள் இறந்துபோயிருந்தாள். கணவர் கூரையில்லாத வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அம்மாவைப் பார்த்ததும் எழுந்தார். அவர் கத்தியிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால், எங்களுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். அவர் பழகிய மரியாதையோடு நடந்ததை விவரமாகச் சொன்னார்.

"தூக்கிட்டோம்மா. மதகு வரைக்கும் வந்துட்டோம். ஒங்க கொரல் கேட்டுச்சு. அம்மாவே சொல்றாங்க, வண்டி வந்துரும்னு எறக்கி வச்சோம். போன்ல கோடெல்லாம் ஃபுல்லா இருந்துச்சு. போட்டேன், எடுக்கல. பிசியா இருக்கும்னு நெனச்சேன். ஊரே போட்டோம். அவகூட, இன்னொரு தடவ போட்டுப் பாருங்கன்னா."

அம்மா கையை நீட்டி அவருடைய போனை வாங்கினார். கோடுகள் நிறைந்துதான் இருந்தன. எங்கள் கட்டுப்பாட்டு அறை எண்ணைப் போட்டுக் காதில் வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். அதில் எதுவும் கேட்கவில்லை என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பெண் கிடந்த இடத்தின் அருகே தரையில் உட்கார்ந்தார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் படகோட்டி பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

இக்கரைக்கு வந்ததும் டிரைவரை மைக்கைப் போடச் சொன்னார். "மேல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாம்மா" என்றேன். "கேட்டுத்தானே தம்பி நேத்து சொன்னோம்" என்றார். கால்வாய்க் கரை முழுக்க, ஒவ்வொரு ஊராக நிறுத்தி அவர் சொன்னது இதுதான்: "நேத்து நான் சொன்னது தப்பு. டவர் வேலை செய்யல. கோடு காட்டும், நம்பாதீங்க. யாருக்காவது முடியலேன்னா காத்திருக்காதீங்க. தூக்கிட்டு வந்துருங்க."

ஒரு தாசில்தார் மைக்கில் 'நான் சொன்னது தப்பு' என்று சொல்லி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. யாரோ அதைப் பதிவு செய்து அனுப்பி, போன் வேலை செய்கிற ஊர்களிலெல்லாம் அது ஓடியது. கொஞ்ச நாளில் மெமோ வந்தது. மீட்புப் பணிகள் குறித்து முரண்பட்ட அறிவிப்புச் செய்து பொதுமக்களிடையே பீதியை ஏற்படுத்தியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். முதல் அறிவிப்பைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. அதில் என்ன குறை? படத்தில் பச்சை இருந்ததே. கம்பெனிக்கும் கடிதம் போனதாகச் சொன்னார்கள். கேபிள் அறுந்ததை அன்றைக்கே தெரிவித்துவிட்டோம் என்று அவர்களும் பதில் போட்டிருப்பார்கள், அதுவும் உண்மைதான். மெமோவுக்கு அம்மாவின் பதிலை நான்தான் டைப் செய்தேன். சொன்னது உண்மை என்று மட்டும் எழுதச் சொன்னார். வருந்துகிறேன் என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்துவிடும் என்று பெரியவர்கள் எல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். "வருத்தம் இருக்குங்க. அத அந்த வீட்டுல சொல்லியாச்சு" என்றார். அந்த வரி சேரவில்லை. அவரை மக்கள் யாரும் வந்து போகாத ஒரு நில எடுப்புப் பிரிவில் உட்காரவைத்தார்கள். விசாரணை முடிவதற்குள் ஓய்வு வயது வந்துவிட்டது. இப்போது பாபநாசத்தில் தங்கை வீட்டில் இருக்கிறார்.

நான் இப்போது துணை தாசில்தார், சுற்றிச் சுற்றி அதே கடற்கரைக்கே வந்திருக்கிறேன். ஏற்பாடுகள் எவ்வளவோ மாறிவிட்டன. மழைக்காலத்துக்கு முன்பே கம்பெனிக்காரர்களை அழைத்து உட்காரவைக்கிறோம். ஒரு கம்பெனி டவர் விழுந்தால் அடுத்த கம்பெனி டவரில் எல்லாருடைய போனும் வேலை செய்ய வழி இருக்கிறது. டவர் ஓடுகிறது என்று யாராவது சொன்னால், அதன் அடியில் நின்று யார் யாரோடு பேசினார்கள் என்று கேட்கிறேன். கம்பெனிப் பையன்கள் என்னைத் தொல்லை பிடித்தவர் என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

போன மழையில் அந்தக் குப்பத்தைத் தண்ணீர் சூழ்ந்தது. அங்கேயே நின்று நானே ஆம்புலன்ஸ் டிரைவரோடு பேசினேன். வண்டி கிளம்பிவிட்டது. அவர் குரல் தெளிவாகக் கேட்டது. அப்போது உள்ளேயிருந்து ஒரு டிராக்டர் தண்ணீரில் மெல்ல வந்தது. பின்னால் டிரெய்லரில், வலி கண்ட ஒரு பெண்ணைப் படுக்கவைத்திருந்தார்கள். முன்னால் ஒருவர் கம்பால் பள்ளம் பார்த்தபடி நடந்து வந்தார். பாம்புக்கடியில் மனைவியை இழந்த அந்தக் கணவர்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் மைக்கில் சொன்னேன், வண்டி வந்துகொண்டிருக்கிறது, நானே பேசினேன், குலுங்கிக் குலுங்கிப் போக வேண்டாம், இங்கேயே நிறுத்துங்கள் என்று. ஒவ்வொரு சொல்லும் உண்மை.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க சொல்லுங்க சார், நாங்க போயிக்கிட்டே கேட்டுக்கிறோம்" என்றார். டிராக்டர் என்னைத் தாண்டிப் போனது. வழியிலேயே ஆம்புலன்ஸ் எதிரே வந்து அவளை ஏற்றிக்கொண்டது. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது.

மறுநாள் பாபநாசத்துக்குப் போன் செய்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டவர் வேலை செய்ததையும், வண்டி வந்ததையும், பிள்ளை பிறந்ததையும் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"ஒங்க பேச்சக் கேட்டு அவங்க நின்னாங்களா தம்பி?"

"இல்லங்கம்மா. நிக்கல."

"நல்லது" என்றார்.